சைகோன் கார்க்கும் பிரான்மலைத் தேனும்

கானாடுகாத்தான்
15-2-1971

அன்பு மகள் அன்னக்கிளிக்கு, சின்னாத்தா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, பொன்னுத்தாயி அத்தை, சினையாக இருக்கும் செவலைப் பசு எல்லோரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும், உன் வயிற்றில் இருக்கும் சின்ன உயிரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று போன வெள்ளிக்கிழமை நாட்டரசன்கோட்டைக்குப் போய்க் கண்ணாத்தாளிடம் சொல்லிவிட்டு வந்தேன். கால் வீக்கம் எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. குழாயடியிலிருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறாதே, மாப்பிள்ளை தூக்கட்டும், அவர் கௌரவம் அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

நீ அனுப்பிய பார்சல் பொங்கல் கழித்து வந்தது. தபால்காரர் அதைக் கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, என்ன டீச்சரம்மா, இம்புட்டுப் பெருசா இருக்கு, கனமே இல்லையே, மக வெறும் பொட்டியவா அனுப்பியிருக்காக என்று கேட்டார். நான் வழக்கம்போலச் சிரித்து வைத்தேன். பிரித்தால் கார்க்கால் செய்த பிரிமணை, கார்க்குப் பிடி வைத்த வாணலி மூடி, கார்க்கு அடைத்த உப்பு ஜாடி. கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டுப் பிலோமினா மம்மியோடு உட்கார்ந்து நானே செய்தேன் என்று எழுதியிருந்தாய். உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அந்தப் பிரிமணை மேல்தான் குழம்புச் சட்டி இருக்க வேண்டும். நெல் வியாபாரி வந்தாலும் காட்டுகிறார், மாடு பார்க்க வந்த ஆளுக்கும் காட்டுகிறார். ஒயின் பாட்டில் மூடியாம்யா, தூக்கிப் போடுறத எடுத்து எம் மக என்னமா செஞ்சிருக்கா பாரு, சூடே இறங்காது, கைய வச்சுப் பாரு என்கிறார். பதினோரு வருஷமாக நான் கயிறு திரித்துச் செய்த பிரிமணையில்தான் இந்த வீட்டுச் சட்டிகள் உட்கார்ந்தன. அதை ஒரு நாளாவது அவர் குனிந்து பார்த்திருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை.

உன் கடிதத்தை நான் பலமுறை படித்தேன். மாப்பிள்ளையைப் பற்றி இரண்டு வரி, உடம்பைப் பற்றி ஒரு வரி, மற்றதெல்லாம் பிலோமினா மம்மி. மம்மியின் வீட்டுக்காரர் கப்பலில் விருந்து பரிமாறும் வேலையில் இருப்பதும், துரைமார் குடித்த ஒயின் பாட்டில்களின் கார்க்கைப் பை நிறையக் கொண்டுவருவதும், மம்மி அதை வீணாக்காமல் சமையலறைச் சாமான் செய்து தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பதும், மம்மி உனக்கு மீன் குழம்பில் புளிக்குப் பதிலாக ஏதோ காய்ந்த பழத் தோலைப் போடக் கற்றுக்கொடுத்ததும், மம்மி உன் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டதும். மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன், தலைக்கு எண்ணெய் வைத்ததை மட்டும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. நான் உன் அப்பாவுக்கு இரண்டாந்தாரமாக இந்த வீட்டுக்கு வந்த புதிதில் நீ உன் தலையைத் தொட விடமாட்டாய். சிக்குத் தலையோடு பள்ளிக்கூடம் போவாய். பிறகு ஒரு நாள் சீப்பைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தாய். அன்றைக்கு உன் வகிட்டை நான் மூன்று தடவை அழித்து எடுத்தது உனக்குத் தெரியாது. அடுத்த வீட்டுக்காரிக்கு அந்தத் தலை எத்தனை சுலபமாகக் கிடைத்துவிட்டது. நீ பம்பாய் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் அவர்கள் மம்மி. என்னைக் கூப்பிடும் ஆத்தாவுக்கு முன்னால் இருக்கும் சின்ன மட்டும் இன்னும் உதிரவில்லை. இதற்குப் பெயர் பொறாமைதான். எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கப் போவதில்லை. நேரில் என்றால் எனக்கு வாய் வராது, உனக்கே தெரியும். பி.ஏ. வரை போன முதல் பெண் என்று எங்கள் ஊரில் மாலை போட்டபோதுகூட நன்றி என்ற ஒரு சொல் வெளியே வராமல் நின்றவள்தானே நான். இன்றைக்கும் என் வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு என் குரல் கேட்பதில்லை.

பொறாமை வந்தவள் சும்மா இருக்கவில்லை. நானும் ஒன்று செய்வது, அதுவும் இதைவிடப் பெரிதாகச் செய்வது என்று முடிவு செய்தேன். உனக்குத் தலைப்பிரசவம், பங்குனியில் உன்னை இங்கே கூட்டிவருவது பற்றிப் பேச நாங்கள் நெற்குப்பைக்கு உன் மாமியார் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது அல்லவா, வெறுங்கையோடு போகாமல் உன் மாமியாருக்கு என் கையால் செய்த கார்க்குப் பிரிமணையைக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். நம் ஊரில் ஒயின் கார்க்குக்கு எங்கே போவது. அப்போதுதான் நம் தெருக்கோடிப் பெரிய வீட்டின் ஞாபகம் வந்தது. அந்த வீட்டு அப்பச்சி அந்தக் காலத்தில் சைகோனில் கடை வைத்திருந்தவர், அங்கிருந்து வந்த பாட்டில்களில்தான் இன்றும் அந்த வீட்டு நல்லெண்ணெய் இருக்கிறது. காவலுக்கு இருக்கும் சோமுவிடம் கேட்கப் போய், வாசலில் நின்று, கேட்காமலே திரும்பி வந்து, மறுநாள் மறுபடி போனேன். நல்ல வேளை, அன்று மெட்ராஸிலிருந்து அந்த வீட்டு ஆச்சி வந்திருந்தார்கள். சோமு உள்ளே போய்ச் சொன்னதும் ஆச்சியே வெளியில் வந்து, ஏன் தங்கச்சி, பி.ஏ. படிச்ச பொண்ணு பழைய கார்க்க வச்சு என்ன செய்யப் போறீக, வாத்தியார் வேலைய விட்டுட்டுக் கடை வைக்கிறீகளா என்று கேட்டார்கள். நான் என் மகளுக்கு என்று சொன்னேன். நெற்குப்பைச் சம்பந்திக்கு என்றுதான் சொல்ல நினைத்தேன், வாயில் வந்தது இப்படி. ஆச்சி ஒரு பிஸ்கட் டின்னை அப்படியே கொடுத்துவிட்டார்கள். எங்க வீட்டுல யாரும் ஒரு சொட்டுக் குடிச்சதில்ல, எல்லாம் சைகோன்ல துரைமாருக்கு விருந்து வச்ச பாட்டில், அந்த மனுசரு கார்க்கக்கூடத் தூரப் போடாம கப்பல்ல ஏத்தி அனுப்புனாரு, இன்னைக்குத்தான் அதுக்கு ஒரு வழி பிறந்திருக்கு என்று சிரித்தார்கள்.

டின்னைத் திறந்தால் புளித்த வாடை. ஒரு முனை மட்டும் நாவல்பழம் கடித்த வாய் மாதிரிக் கருஞ்சிவப்பு. சில கார்க்குகளில் பிரெஞ்சு எழுத்தைச் சுட்டுப் பதித்திருந்தார்கள், எழுத்துக் கூட்ட முடிந்தது, பொருள் தெரியவில்லை. வாடை போகவும், காய்ந்து போன கார்க்கு மெத்தென்று ஆகவும் இட்லிச் சட்டியில் வைத்து அவித்தேன். அந்த நேரம் பார்த்துப் பொன்னுத்தாயி அத்தை வந்து மூடியைத் திறந்துவிட்டார். ஏத்தா, என்ன இட்லி இது, கட்டவிரலு கனத்துல இருக்கு என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும், துரைமாரு குடிச்ச எச்சிச் சாமான இட்லிச் சட்டியில போட்டியா, இனி இந்த வீட்டுல நான் இட்லி திங்க மாட்டேன் என்று போய்விட்டார். மறுநாள் காலையில் இட்லி சாப்பிட்டார், அது வேறு விஷயம்.

கார்க்கைப் பிளேடால் சமமாக நறுக்கி, உன் பிரிமணையைவிட ஒரு சுற்று அதிகமாக வைத்து, ஆசாரியிடம் வாங்கிய வஜ்ஜிரத்தைக் காய்ச்சி ஒட்டினேன். வஜ்ஜிரம் என்றால் மரச் சாமான் ஒட்டுகிற தோல் பசை, கட்டில் கால்களையே பிடித்து நிறுத்துகிறது, கார்க்கைப் பிடிக்காதா என்று நினைத்தேன். காய்ந்ததும் கல் மாதிரி நின்றது. ஓரத்தில் சிவப்பு முனைகள் எல்லாம் வெளியே தெரிகிற மாதிரி வைத்ததால் கோலம் போல அழகாகவும் இருந்தது. உன் பிரிமணைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என்னுடையதுதான் அழகு. இதையும் எழுதிவிடுகிறேன்.

தை மூன்றாம் வெள்ளிக்கிழமை நெற்குப்பை போனோம். உன் மாமியார் சோலையம்மாளைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, வாய் பெரிது, மனசு அதைவிடப் பெரிது. பிரிமணையைப் பார்த்ததும், ஆத்தாடி, சம்பந்தியம்மா கைவேலையா, படிச்சவுக படிச்சவுகதான், பெட்டிக்குள்ள வைக்க மாட்டேன், இப்பவே வச்சுப் பாத்துருவோம் என்று அடுப்பிலிருந்து கொதிக்கக் கொதிக்கச் சாம்பார்ச் சட்டியை இறக்கி அதன் மேல் வைத்தார்கள். உன் அப்பாவும் உன் மாமனாரும் இலையில் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு வாடை கிளம்பியது. மாட்டுத் தோல் வேகிற வாடை. உன் மாமியார் மூக்கைச் சுளித்துக்கொண்டு, வெள்ளிக்கிழமையும் அதுவுமா எந்த வீட்டுல எலும்பு வேகுது, வெக்கங்கெட்டதுக என்று சன்னல் பக்கம் பார்த்துத் திட்டினார்கள். பிறகு பரிமாறச் சட்டியைத் தூக்கினால் பிரிமணையும் சேர்ந்து வந்தது. வஜ்ஜிரம் சூட்டில் இளகிச் சட்டியின் அடியைப் பிடித்துக்கொண்டது. உன் அப்பாவின் இலைக்கு நேராகச் சட்டி வந்தபோது கார்க்கு ஒவ்வொன்றாகக் கழன்று சோற்றின் மேல் விழுந்தது, ஒன்று பாயசக் கிண்ணத்தில் மிதந்தது. உன் மாமனார், என்ன சம்பந்தி, உங்களுக்கு மட்டும் தனியாக் கறி விழுகுது, எங்க இலைக்கு ஒண்ணும் இல்லையா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். உன் அப்பாவும் சிரித்தார். பம்பாய்ப் பிரிமணையில் இப்படி விழுந்ததே இல்லையே என்று வேறு சொன்னார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அது பெரிதில்லை. வெட்கம் எனக்குப் பழக்கம். சாப்பாடு முடிந்து தாம்பூலத் தட்டை வைத்து உன் அப்பா, பங்குனியில் பிள்ளையைக் கூட்டிவருகிறோம் என்று ஆரம்பித்ததும் உன் மாமியார் ஆச்சரியமாகப் பார்த்தார்கள். ஏன், ஒங்களுக்கு எழுதலையா, ஏழு மாசத்துல ரயில் குலுக்கல் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம், பம்பாயிலயே பெத்துக்கிறேன்னு எங்களுக்கு எழுதியிருக்காளே, அங்க பக்கத்து வீட்டு மம்மி அஞ்சு பெத்தவுகளாம், எல்லாம் பாத்துக்கிருவாகளாம், புள்ள நாக்குல தேன் தொட்டு வைக்கிற சேனைகூட அவுகளத்தான் வைக்கச் சொல்லப் போறாளாம், ஒங்களுக்குத் தெரியாதா சம்பந்தியம்மா என்று கேட்டார்கள். தெரியும் என்று சொன்னேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு வேகமாகப் பதில் சொன்னது அன்றைக்குத்தான். உன் அப்பா என்னைப் பார்த்தார், பிறகு ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ள ஆரம்பித்தார். உதிர்ந்த கார்க்கையெல்லாம் பொறுக்கி என் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன்.

கிளி, பம்பாயிலேயே பெற்றுக்கொள்வது பற்றி எனக்குக் கோபம் இல்லை. டாக்டர் சொன்னால் சரிதான், அவ்வளவு தூரம் குலுங்கிக்கொண்டு நீ வர வேண்டாம். ஆனால் பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டுத் தேனைத் தொட்டு வைக்கிற விரல் யாருடையது என்பதை நீ எனக்கு எழுதாமல் உன் மாமியாருக்கு எழுதியிருக்கிறாய். ஏன் என்று பல நாள் யோசித்தேன். கேட்டால் நான் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் என்று நீ பயந்திருக்க மாட்டாய். சரி என்றுதான் சொல்வேன் என்று உனக்குத் தெரியும். எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய் விடுகிறவள்தானே நான். அந்தச் சரியைக் கேட்க உனக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. நாம் இரண்டு பேரும் பேசாமலே பழகியவர்கள், அதனால் வந்த வினை இது.

பொன்னுத்தாயி அத்தைக்கு விஷயம் தெரிந்ததும் என்ன சொன்னார் தெரியுமா. சேனை வைக்கிறவுக கொணம்தான் புள்ளைக்கு வரும், அந்தச் சட்டைக்காரப் பொம்பள வச்சா புள்ள தஸ்ஸு புஸ்ஸுன்னு இங்கிலீசாவது பேசும், நீ வச்சா வாயே தெறக்காதேத்தா, அழுகக்கூடக் கூச்சப்படும் என்றார். பிள்ளை பெறாதவள் என்பதையும் அதற்கடுத்துச் சொல்லத்தான் வாயெடுத்தார், உன் அப்பா உள்ளே வந்ததால் வெற்றிலையைப் போட்டு அடைத்துக்கொண்டார். அன்று இரவெல்லாம் ஒரு பதில் தயாரித்தேன், காலையில் அதைச் சொல்லியும்விட்டேன். மதினி, பிள்ளை பேசக் கற்றுக்கொள்ள ஊரில் வாய் நிறைய இருக்கிறது, கவனித்துப் பார்க்க நான் கற்றுக்கொடுக்கிறேன் என்றேன். அவர் வாயில் இருந்த வெற்றிலையை மெல்ல மறந்துவிட்டார். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் கொல்லைக்குப் போய்விட்டேன்.

அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உன் பிரிமணையை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அதுவரை எரிச்சலில் நான் அதன் அடிப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. பசையே கிடையாது. ஒவ்வொரு கார்க்கையும் துளைத்துச் செம்புக் கம்பியில் கோத்து, அடியில் முறுக்கி, முனை கையைக் குத்தாமல் உள்ளே மடித்திருக்கிறது. சூடு படும் சாமானுக்குப் பசை ஆகாது என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது. கெட்டிக்காரிதான். இந்த வரியை எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டாம். நானும் கோணி ஊசியால் கார்க்கைத் துளைத்து, சணலுக்கு மெழுகு தடவிக் கோத்து, மறுபடி ஒன்று செய்தேன். கொதிக்கிற உலைப்பானையை அரை நாள் அதன் மேல் வைத்துப் பார்த்தாகிவிட்டது. அசையவில்லை, வாடையும் இல்லை. இது உன் மாமியாருக்கு இல்லை. இதைப் பிலோமினா அம்மாளுக்குக் கொண்டுவருகிறேன்.

ஆமாம், நான் வருகிறேன். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வர முடியாவிட்டால் தாய்வீடு அவளிடம் வருவதில் என்ன தப்பு. தலைமையாசிரியையிடம் போய் லீவு கேட்டேன், பரீட்சைச் சமயத்திலா என்று கேட்டார்கள், என் மகளுக்குப் பிரசவம் என்று சொன்னேன், கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். உன் அப்பாதான் நம்பவில்லை. நீயா, மதுரை பஸ் ஸ்டாண்டுல சில்லறை பாக்கி கேக்க மாட்டாம பஸ்ஸ விட்டு எறங்குன ஆளு, பம்பாய்க்குத் தனியாவா என்றார். மெட்ராஸ் வரைக்கும் கொண்டுவந்து விடுங்கள், அங்கிருந்து பெண்கள் பெட்டியில் போய்க்கொள்கிறேன் என்றேன். ராத்திரி சாப்பிடும்போது நான் எதிர்பாராத விதமாக, அந்த ரெண்டாவது பிரிமணை நல்லாத்தான் இருக்கு என்றார். இத்தனை நாள் கழித்துக் குனிந்து பார்த்திருக்கிறார்.

உனக்குப் பிரசவ மருந்துக்குச் சுக்கு, திப்பிலி எல்லாம் இடித்து வைத்துவிட்டேன். பழைய வேட்டித் துணி துவைத்துக் கிழித்தாகிவிட்டது. சோமு பிரான்மலைப் பக்கம் போனபோது சொல்லிவிட்டு நல்ல மலைத்தேன் வாங்கினேன். அதை ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றியிருக்கிறேன். டின்னில் இருந்த கார்க்கிலேயே பிசிறில்லாத ஒன்றை முதல் நாளே எடுத்து ஒதுக்கி வைத்திருந்தேன், எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது. அதைப் புட்டி வாய்க்குச் சரியாகச் செதுக்கி அடைத்திருக்கிறேன். கவிழ்த்துப் பார்த்தேன், ஒரு சொட்டு கசியவில்லை. ரயிலில் அதை மடியைவிட்டு இறக்க மாட்டேன். பிலோமினா அம்மாளிடம் நீ இப்போதே பக்குவமாகச் சொல்லி வை. அவர்கள் உனக்குச் செய்ததற்கெல்லாம் நான் கைகூப்பி நன்றி சொல்வேன், அவர்கள் மொழி தெரியாவிட்டாலும் சொல்வேன். பிரசவத்தின்போது அவர்கள்தான் உன் பக்கத்தில் இருக்க வேண்டும், அஞ்சு பெற்றவர்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. பிள்ளையைக் குளிப்பாட்டட்டும், தாலாட்டட்டும், என்னென்ன வேண்டுமானாலும் செய்யட்டும். அந்தப் புட்டியின் கார்க்கை மட்டும் நான்தான் திறப்பேன். இதை நான் உன்னிடம் அனுமதியாகக் கேட்கவில்லை கிளி. நீயும் இந்த ஒரு தடவை சரி என்று சொல்லிவிடு.

பங்குனி முதல் வாரம் புறப்படுகிறேன். ரயில் நாள் முடிவானதும் தந்தி கொடுப்பார் அப்பா. மாப்பிள்ளையைத் தாதர் ஸ்டேஷனுக்கு மறக்காமல் அனுப்பு, நான் பெட்டியைவிட்டு இறங்கி இறங்கின இடத்திலேயே நிற்பேன், யாரிடமும் வழி கேட்கமாட்டேன். வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. இடது பக்கம் ஒருக்களித்துப் படு. தலைக்கு எண்ணெய் வைப்பதை நான் வரும் வரைக்கும் நிறுத்தி வை. கண்ணாத்தாள் உன் கண்ணையும் வயிற்றையும் காக்கட்டும், நல்லபடியாக இரண்டு உயிராகப் பிரிந்து நூறு வருஷம் இருங்கள் என்று அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
உன் பிள்ளைக்குச் சேனை வைக்கப்போகும் சின்னாத்தா,
பொன்னழகு